கறுப்புத் தவளையும் கோணப்புளிக்குளமும்

பதினோரு தாமரைத் தண்டுகள் கோணப்புளிக்குளத்தின் கரையில் வரிசையாகக் கிடந்தன. அவற்றில் ஏழு தண்டுகளில் மொட்டு இருந்தது. குளத்தைத் தாமரைக்குக் குத்தகை எடுத்திருந்த வைகுண்டராஜன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு பூங்கனியின் பக்கம் திரும்பாமலேயே, இனி இந்தக் கரையில் தூண்டிலோடு அவளைப் பார்க்கக் கூடாது என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பூங்கனிக்கு எளிதாக இருந்திருக்கும். முந்திரித் தொழிற்சாலை மேஸ்திரிகளின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவள் அவள். இந்த மெதுவான குரல்தான் அவளுக்குப் புதிது.

தப்பு முழுக்க அவளுடையது. அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் அன்று வீசியது கடல்மீனை ஏமாற்றிப் பிடிக்கிற பொய்மீன். ஒரு சாண் நீளம், வெள்ளி நிறம், வயிற்றில் மூன்று இடத்தில் மூன்று மும்முனைக் கொக்கிகள். ஆக ஒன்பது முள். அதைக் கொண்டுபோய்த் தாமரைக் குளத்தில் வீசி இழுத்தால் வேறு என்ன நடக்கும்? ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தண்டு வந்தது. மீன் வரவில்லை. பதினோராவது தண்டு வரும்வரை அவள் நிறுத்தவில்லை என்பதுதான் வைகுண்டராஜனை உள்ளுக்குள் கொதிக்க வைத்திருக்க வேண்டும். ஆவணி மாதம், கல்யாண முகூர்த்தமும் ஓணமும் அடுத்தடுத்து வருகிற நேரம். தோவாளைப் பூச்சந்தையில் ஒரு மொட்டுக்கும் கிராக்கி.

கொட்டாரம் ஊரைச் சுற்றிக் குளத்துக்கா பஞ்சம் என்று கேட்கலாம். பூங்கனியிடமும் பலர் கேட்டார்கள். ஆனால் பாதிக் குளங்களில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. மீதியில் வருஷத்துக்கு ஒருமுறை வலை போட்டு அரித்தெடுத்துவிடுகிறார்கள். அங்கே மிஞ்சியிருப்பது சிலேபிக் கெண்டை மட்டும்தான். கோணப்புளிக்குளத்தில் தாமரை அடர்ந்து நிற்பதால் வலை இறங்க முடியாது. அதனால் அங்கே நாட்டு வரால் தலைமுறை தலைமுறையாகத் தின்று கொழுத்துக் கிடந்தது. பூங்கனிக்கு வரால்தான் வேண்டும். அதுவும் உயிரோடு வேண்டும்.

அவளுக்கு ஏன் இந்த வரால் பைத்தியம் பிடித்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

பூங்கனிக்கு வயது நாற்பத்தாறு. கணவன் யேசுரத்தினம் பதினெட்டு வருஷமாக மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன். அவள் பதினோரு வருஷம் அண்டி ஆபீசில் வேலை பார்த்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து, கட்டையால் ஒரே தட்டு. ஓடு இரண்டாகப் பிளந்து பருப்பு முழுசாக வெளியே வர வேண்டும். கண் கொட்டையைப் பார்த்த அதே நொடியில் கை இறங்கிவிட வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவள் இரண்டு கிலோ முந்திவிடுவாள். பூங்கனியின் கையை முந்தியவள் அந்த ஆபீசில் யாரும் இல்லை. ஒரு நாள் கொட்டை வரவில்லை என்றார்கள். அப்புறம் ஆபீசே வரவில்லை. கேட்டில் பூட்டுத் தொங்கியது.

அடுத்த வருஷம் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தும் தையல் போட்ட இடம் ஆறவில்லை. ஒரு ஓரத்தில் கசிந்துகொண்டே இருந்தது. சர்ச்சிலிருந்து பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் ஒரே வைத்தியத்தைத்தான் சொன்னார்கள்: உயிர் வராலை வாங்கி ரசம் வைத்துக் குடி. ஆளாளுக்குத் தேடினார்கள். சுசீந்திரம், வடசேரி, கொட்டாரம் என்று எல்லாச் சந்தையிலும் லாரியில் ஐஸ் போட்டு வந்த வளர்ப்பு வரால்தான் இருந்தது. செத்து மூன்று நாளான மீன் யார் புண்ணை ஆற்றப்போகிறது? பதினைந்து நாள் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் புண் ஆறிவிட்டது. மாத்திரைதான் ஆற்றியது என்று டாக்டர் சொன்னார். மீன் கிடைத்திருந்தால் பத்து நாள் முன்னாடியே ஆறியிருக்கும் என்று பூங்கனி சொன்னாள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

படுக்கையில் கிடந்த அந்த நாட்களில்தான் அவள் முடிவெடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கு உயிர் வரால் பிடித்துக் கொடுப்பது. யாரும் செய்யவில்லை, தேவை இருக்கிறது, தான் செய்யலாம். வயிற்றுப்பாட்டுக்கு இத்தனை வருஷம் யாரோ கொடுத்த வேலையைச் செய்தாயிற்று. இது அவளாகவே தேடிக்கொண்ட வேலை. அதனால்தான் அதன்மேல் அப்படி ஒரு பிடிவாதம்.

மீன் பிடிக்க என்ன தெரியும் என்றால், ஒன்றும் தெரியாது. வீட்டு மச்சில் ஒரு பெட்டி இருந்தது. யேசுரத்தினம் ஒரு லீவுக்கு வரும்போது மஸ்கட்டிலிருந்து தூண்டில் கம்பு, ரீல், பெட்டி நிறையப் பொய்மீன்கள் எல்லாம் கொண்டுவந்திருந்தான். அங்கே கடற்கரையில் வெள்ளிக்கிழமைதோறும் பிடிப்பானாம். இங்கே இரண்டு தடவை பாறையில் போய் நின்று வீசினான். இரண்டு தடவையும் கொக்கி பாறையில் மாட்டிக்கொண்டது. பெட்டி மச்சில் ஏறியது. பூங்கனி அதை இறக்கித் தூசி தட்டினாள். முதலில் ஊர்க்காரர்கள் செய்வதுபோல உயிர்த்தவளையைக் கொக்கியில் குத்திப் பார்த்தாள். அந்தச் சின்னத் தவளை தன் கால்களால் அவள் விரலைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. அதோடு அந்த வழி முடிந்தது. மீனைக் கொல்லலாம், தவளையைக் கொல்லக் கூடாதா என்று யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். மறுபடி அவள் தவளையைத் தொட மாட்டாள். ஆகவே பொய் இரைதான். மஸ்கட் பெட்டியிலேயே பெரிதாக, பளபளப்பாக இருந்ததை எடுத்துக்கொண்டு போனாள். அதன் பலனைத்தான் வைகுண்டராஜன் கரையில் எண்ணிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பூங்கனி அவருடைய பூக்கட்டுக் கொட்டகைக்குப் போய் நின்றாள். அறுபது வயது மனிதர், கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு மொட்டுகளை இலையில் பொதிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அவள் மன்னிப்பில் ஆரம்பிக்கவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க விட்ட கட்லாக் குஞ்சு பூராவும் வரால் தின்னுட்டுக் கிடக்கு. வலை போட்டா தாமரை போயிரும். நான் ஒரு மொட்டு ஒடியாம வரால் பிடிச்சுக் காட்டுகேன். ஒரே ஒரு நாள் தாங்க."

"ஒடிஞ்சா?"

"ஒடிஞ்சா பொறவு இந்தப் பக்கமே வர மாட்டேன்."

அவர் இன்னொரு மொட்டை இலையில் பொதிந்தார். பூவோடு மீனும் விற்கலாம் என்று விட்ட குஞ்சு காணாமல் போகிற கணக்கு அவருக்கும் தெரியும். இரண்டு வெள்ளிக்கிழமை கழித்து, காலைப் பறிப்பு முடிந்த பிறகு ஒரு பொழுது தருகிறேன், ஒரே ஒரு மொட்டு என்றாலும் ஒடிந்தது ஒடிந்ததுதான் என்றார். கொட்டகை மூலையில் கழித்துப்போட்ட தாமரை இலைகள் குவிந்து கிடந்தன. அவற்றை எடுத்துக்கொள்ளலாமா என்று பூங்கனி கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஒரு பொழுதையும் ரத்து செய்திருப்பார்.

அன்றே அவள் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினாள். தூண்டில் சாமான் விற்கிற கடையில் ஒரு மணி நேரம் நின்றாள். கடைக்காரர் அவள் கணவனுக்கு வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவரையே கூட்டி வரச் சொன்னார். அவர் மஸ்கட்டில் இருக்கிறார், மீன் பிடிப்பது நான்தான் என்றதும் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தார். சுழல்தகடு வைத்த ஸ்பின்னர், கரண்டித் தகடு போன்ற ஸ்பூன், ரப்பர்ப் புழு, ரப்பர்த் தவளை என்று கண்ணாடி மேஜையில் வரிசையாக வைத்தார். வராலுக்கு எது என்றால் எல்லாமே வராலுக்குத்தான் என்றார். கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பூங்கனி நான்கிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டாள். எது சரி என்று வீட்டு முற்றத்தில் வீசிப் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் அவள் வீட்டு முற்றத்தைப் பார்த்தவர்கள் அவளுக்குத் தலைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை. மரச்சீனி என்கிற மரவள்ளிக் கம்புகளை நெருக்கமாக மண்ணில் நட்டிருந்தாள். சில கம்புகளின் தலையில் தாமரை இலையைக் குத்தி வைத்திருந்தாள். மீதி இலைகளை நனைத்துத் தரையில் பரப்பியிருந்தாள். முற்றத்து மூலையில் நின்றுகொண்டு, அந்தப் பொய்க்குளத்துக்குள் ஒவ்வொன்றாக வீசி இழுத்தாள்.

மஸ்கட் பெட்டியில் இருந்தவை எல்லாம் முதல் இழுப்பிலேயே தோற்றன. மூக்கில் தகடு வைத்தது, வாய் பிளந்தது, வெறும் ஈயக்கட்டி போன்றது என்று எதுவானாலும் மும்முனைக் கொக்கி இருக்கும்வரை இலை கிழிந்தது. ஸ்பின்னரில் தகடு சுழல்வது அழகாக இருந்தது. ஆனால் அது தண்ணீருக்குள் போனால்தான் சுழலும், தாமரைக்கு நடுவில் தண்ணீருக்குள் போனால் தண்டுதான் சிக்கும். ஸ்பூனில் கொக்கிக்கு முன்னால் ஒரு கம்பி காவல் இருந்தது. விரித்த இலைமேல் வழுக்கி வந்தது, கம்பைக் கண்டதும் காவல் வளைந்து கொக்கி மாட்டியது. ரப்பர்ப் புழு நல்ல பிள்ளையாக எல்லாவற்றுக்கும் நடுவில் வந்தது. ஆனால் எடை இல்லாததால் பத்தடிக்கு மேல் பறக்கவில்லை. கடைசியில் ரப்பர்த் தவளையை வீசினாள். வயிறு காற்றடைத்த பை. இரண்டு கொக்கிகள் முதுகோடு ஒட்டி, முனை மேலே பார்த்தபடி படுத்திருந்தன. மீன் கவ்வினால் வயிறு அமுங்கி முனை வெளியே வரும், மற்ற நேரத்தில் அது எதையும் தொடாது. இலைமேல் ஏறியது, வழுக்கியது, கம்பில் முட்டிச் சுற்றிக்கொண்டு வந்தது. இருபது தடவை வீசினாள். ஒரு இலையிலும் கீறல் இல்லை.

அன்று ராத்திரி யேசுரத்தினம் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏட்டி, நான் இங்க சம்பாதிக்கேம்லா, உனக்கு எதுக்கு இந்த நாய்ப்பாடு?" என்றான். பூங்கனிக்குச் சுருக்கென்று குத்தியது. அண்டி ஆபீசுக்குப் போகும்போதும் இதையேதான் சொன்னான். சம்பளம் வந்ததும் வாயை மூடிக்கொண்டான். அவள் பச்சை, வெள்ளை, கறுப்பு மூன்றில் எந்தத் தவளை நல்லது என்று அவனிடமே கேட்டாள். மஸ்கட்டில் எல்லோரும் வெள்ளை போடுவார்கள் என்றான். அது கடல் என்றாள்.

தவளை என்றால் பச்சைதானே என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள். அப்புறம் யோசித்தாள். மீன் தவளையை மேலிருந்து பார்ப்பதில்லை, கீழிருந்து பார்க்கிறது. கடைக்கு மறுபடி போய் மூன்று நிறத்தையும் வாங்கி வந்தாள். பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றை இரண்டு நாற்காலிக்கு நடுவில் வைத்து, அதன்மேல் மூன்றையும் உட்கார வைத்து, தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். வெள்ளை வானத்தோடு கரைந்துபோனது. பச்சை மங்கலாகத் தெரிந்தது. கறுப்பு மட்டும் அச்சடித்ததுபோல வானத்தில் நின்றது. பூங்கனி எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு, கறுப்பைத் தனியாக எடுத்து வைத்தாள்.

இத்தனையும் செய்தும் ஒரு ஓட்டை இருந்தது. அது தூண்டிலில் இல்லை, அவள் கையில் இருந்தது.

சுசீந்திரம் பக்கம் வயல்களுக்கு நடுவில் ஓடுகிற கால்வாயில் சின்ன வரால்கள் உண்டு. தவளையைப் பழக்கிக்கொள்ள நான்கு நாள் அங்கே போனாள். முதல் நாள் ஐந்து தடவை மீன் பாய்ந்தது. ஐந்து தடவையும் தவளை மட்டும் காற்றில் பறந்து அவள் முகத்துக்கே வந்தது. இரண்டாம் நாள் எட்டுத் தடவை. தண்ணீர் பிளக்கிறது, வாய் தெரிகிறது, அந்த நொடியில் அவள் கை கம்பை வெட்டி இழுத்துவிடுகிறது. வரால் இன்னும் வாயை மூடியிருக்காது. பதினோரு வருஷம் பார்த்த நொடியில் தட்டிப் பழகிய கை. பொறு என்று சொன்னால் அது கேட்குமா? மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள், இரண்டு வருவதற்குள் கை இழுத்துவிட்டது. மூன்றாம் நாள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். கோபத்தில் அழுதாள். அவளை ஊரில் தலைநிமிர வைத்த கைதான் இப்போது காலை வாருகிறது.

அழுது முடித்து முகத்தைத் துடைக்கும்போதுதான் தோன்றியது. கை கண்ணைத்தான் கேட்கிறது. கண் பார்க்காவிட்டால் கை என்ன செய்யும்?

அடுத்த வீச்சில் தவளை விழுந்ததும் அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். எதிரே மருந்துவாழ்மலை நின்றது. அதன் உச்சியையே பார்த்துக்கொண்டு, தவளையைப் பைய இழுத்து, நிறுத்தி, இழுத்தாள். பின்னால் தண்ணீர் சளப்பென்றது. கை துடித்தது. அவள் மலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நூல் முறுக்கேறி, கம்பின் நுனி வளைந்து, கனம் தோள்வரை வந்தபிறகு இழுத்தாள். ஒரு முழ வரால் வரப்பில் வந்து விழுந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நான்காம் நாள் மலையைப் பார்த்துக்கொண்டே மூன்று பிடித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. பறிப்பு முடிந்து, மொட்டுக் கூடைகள் ஆட்டோவில் ஏறிய பிறகு வைகுண்டராஜன் கோணப்புளி மரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பூங்கனி யேசுரத்தினத்தின் பழைய கம்பெனிச் சட்டையும் பேண்ட்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மூடி போட்ட வாளி ஒன்று, இடுப்பில் ஒரு வலைப்பை. கறுப்புத் தவளையைக் கட்டி முதல் வீச்சை வீசினாள்.

தவளை நல்ல இடத்தில்தான் விழுந்தது. ஆனால் நூல் விழவில்லை. முற்றத்தில் அவள் நட்ட கம்புகள் முழங்கால் உயரம், குளத்துத் தாமரை இடுப்பு உயரம். நூல் ஏழெட்டு இலைகளின் தலைக்கு மேலே கொடிக்கயிறுபோலக் கிடந்தது. சுருட்டினால் தவளை தண்ணீரில் நீந்தாமல் அந்தரத்தில் தொங்கியது. அவள் இடம் மாற்றி வீசினாள். கரையின் வடக்கு மூலையிலிருந்து, மடைக்கு அருகிலிருந்து, படித்துறையிலிருந்து வீசினாள். எங்கிருந்து வீசினாலும் நூல் தாமரைக்குக் குறுக்கேதான் போனது. ஒரு தடவை நூல் இரண்டு மொட்டுகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. இழுக்காமல், தளர்த்தி, உதறி உதறி எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. வியர்வை கண்ணில் இறங்கியது. வைகுண்டராஜன் எட்டிப் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போட்டார். அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் போயிற்று. தவளை சரி, நிறம் சரி, கையும் சரியாகிவிட்டது. அப்புறம் என்னதான் தப்பு? குளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போதுதான் அந்தத் தடம் கண்ணில் பட்டது. பூப்பறிக்கிறவர் நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கித் தினமும் ஒரே வழியில் நடப்பார். அவர் நடந்து நடந்து தாமரைக்கு நடுவில் ஒரு முழ அகலத்தில் நேராக ஒரு தண்ணீர்ப் பாதை விழுந்திருந்தது. கரையிலிருந்து பார்த்தால் அது குறுக்கே ஓடுகிற ஒரு கோடு. அதற்குள் நின்று பார்த்தால்?

மீன் பிடிக்கிறவர்கள் எல்லோரும் கரையில்தான் நிற்கிறார்கள். அதனால் அவளும் நின்றாள். இந்தக் குளத்தில் வேலை செய்கிறவன் கரையில் நிற்பதில்லையே.

பூங்கனி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. சேறு முழங்கால்வரை வாங்கியது. தண்டுகளின் சின்ன முட்கள் சட்டைக்கு மேலாகவே உரசிக் கீறின. "எம்மா, அங்கோடி ஆழம்" என்று வைகுண்டராஜன் எழுந்து நின்றார். அவள் ஒரு காலை ஊன்றி, மண் நிலைத்த பிறகு மறு காலை எடுத்து, தண்ணீர் நெஞ்சுக்கு வந்ததும் நின்றாள். அப்படியே அசையாமல் நின்றாள். கலங்கிய தண்ணீர் தெளியட்டும், மிரண்ட மீன் திரும்பி வரட்டும். அட்டை ஒன்று கணுக்காலில் பிடித்ததுபோல இருந்தது. பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெகு நேரம் கழித்து, தடத்தின் நீளத்துக்கு நேராகத் தவளையை வீசினாள். நூல் முழுசும் தண்ணீரில் படுத்தது. குறுக்கே ஒரு இலையும் இல்லை. அவள் தலையைத் திருப்பி மலையைப் பார்த்தாள். தவளை தத்தியது, நின்றது, தத்தியது. இரண்டாவது வீச்சு. மூன்றாவது. நான்காவது வீச்சில் தண்ணீர் வெடித்த சத்தம் கரைவரை கேட்டது. வைகுண்டராஜன் "இழு, இழு" என்று கத்தினார். அவள் இழுக்கவில்லை. மலை இருந்த இடத்திலேயே இருந்தது. நூல் போயிற்று, போயிற்று, தோளில் கனம் இறங்கியது. அப்போது வெட்டி இழுத்தாள்.

வரால் தாமரைக்குள் நுழையப் பார்த்தது. அவள் கம்பைத் தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்த்தி, தடத்தை விட்டு அதை விலக விடாமல் சுருட்டினாள். ஒருமுறை அது பக்கவாட்டில் பாய்ந்து தண்டுகளை உலுக்கியது. அவள் நூலைக் கையாலேயே பிடித்துத் திருப்பினாள். நூல் விரலை அறுத்தது. கடைசியில் மீன் அவள் நெஞ்சில் வந்து மோதியது. வலைப்பையை விரித்து அணைத்து உள்ளே தள்ளினாள். மூன்று கிலோவுக்குக் குறையாது. கறுத்த முதுகு, வாளிப்பான உடம்பு, உயிர் துள்ளிக்கொண்டிருந்தது. பூங்கனிக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. முதலில் கரை ஏற வேண்டும்.

திரும்பும்போதுதான் பார்த்தாள். மீன் பாய்ந்த இடத்தில் ஒரு மொட்டு தலை சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. தண்டு மடிந்து ஒடிந்திருந்தது. நூலா, மீனா, அவள் முழங்கையா என்று தெரியவில்லை. கரையில் வைகுண்டராஜன் வாளியில் தண்ணீர் மொண்டு தயாராக வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அங்கிருந்து அது தெரிய வழியே இல்லை. இலை மறைத்திருந்தது. கொஞ்சம் அமுக்கிவிட்டால் மொட்டு மூழ்கிவிடும்.

பூங்கனி மொட்டைக் கிள்ளி எடுத்துக்கொண்டாள். இத்தனை நாள் பாட்டுக்கும் கூலி இந்தக் கையளவு மொட்டில் போய்விட்டதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சேற்றில் காலை உருவி உருவிக் கரை ஏறினாள். மீனை வாளியில் விட்டு மூடினாள். பிறகு மொட்டை அவர் கையில் வைத்தாள்.

"ஒடிஞ்சிட்டு அண்ணாச்சி. சொன்னது சொன்னதுதான். நான் வேற தாமரைக்குளத்துல கேட்டுக்கிடுகேன். எப்படிப் பிடிக்கணும்னு இப்போ எனக்குத் தெரியும்."

வைகுண்டராஜன் மொட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாளிக்குள் வரால் வாலை அடித்தது. அவள் செருப்பை மாட்டி, தூண்டிலைச் சுருட்டி, வாளியைத் தூக்கிக் கிளம்பினாள். பத்தடி போன பிறகுதான் அவர் கூப்பிட்டார்.

"எம்மா, நில்லு. பறிக்க இறங்குகவன் ஒரு நாளைக்குப் பத்து ஒடிப்பான். இத்தனை வருஷத்துல ஒருத்தனும் என் கையில கொண்டு வந்து தந்ததில்ல." கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். "செவ்வாயும் வெள்ளியும் பறிப்பு முடிஞ்சு வா. நான் வந்து பாத்துக்கிடுகேன்."

பூங்கனி வாளியைக் கீழே வைத்தாள். உடம்பெல்லாம் சேறு, விரலில் ரத்தம், கணுக்காலில் அட்டை இன்னும் விடவில்லை. அவரை நேராகப் பார்த்தாள்.

"ஒடிஞ்சா நானே கொண்டு வந்து தருகேன் அண்ணாச்சி. நீங்க எண்ணிப் பாக்க வராண்டாம்."